இரண்டாம் ஒப்புக்கொடுத்தல்

சாட்சிக் கூட்டங்களில் கதை எப்போதும் ஒரே இடத்தில் முடியும். ஒருவருக்கு ஓர் ஆசை இருந்தது. கர்த்தர் அதைக் கேட்டார். அவர் முரண்டு பிடித்தார். ஒரு ராத்திரி முழங்காலில் நின்று அழுது ஒப்புக்கொடுத்தார். பிறகு சமாதானம். அல்லேலூயா சொல்லி உட்கார்ந்துவிடுவார். அந்த ராத்திரிக்குப் பிறகு முப்பது நாற்பது வருஷம் என்ன ஆயிற்று என்று யாரும் எழுந்து சொல்வதில்லை.

வேலூர், இராணிப்பேட்டைப் பக்கத்துச் சபைகளில் இந்த வகைச் சாட்சிக்கு முதல் உதாரணம் டாக்டர் ஐடா ஸ்கடர். கதவு மூன்று முறை தட்டப்பட்ட அந்த இரவு, அங்கே ஓய்வுநாள் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு யோனாவின் மீனைப் போலப் பழகிய கதை. அறுபதுகளின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றில், மிஷன் பள்ளித் தலைமையாசிரியரின் கடைசி மகளும் பாயில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். பின்னாளில் வேலூரில் நர்சிங் படித்தாள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் வார்டில் வேலை பார்த்தாள். இப்போது எழுபதைக் கடந்த அந்த அம்மாவை ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் ‘சிஸ்டரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

சிஸ்டரம்மாவின் கட்சி இதுதான்: ஐடாவின் கதையை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

நிறுத்துகிற அந்த முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்தது. ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு 1819இல் இலங்கைக்குக் கப்பலேறியவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல வருஷம் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பிறகு சென்னைக்கு வந்தார். ஐடாவின் தந்தையும் டாக்டர், மிஷனரி. அந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை இந்தியாவுக்குத்தான் வரும் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. ஐடாவுக்கு அதுவே வெறுப்பு.

வெறுப்புக்கு வலுவான காரணமும் இருந்தது. சிறுமியாக அவர் பார்த்தது தாது வருஷப் பஞ்சத்து இந்தியா. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் காய்ச்சி எடுத்த பஞ்சம் அது. வேலூரில், பசியோடு வந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிற வேலை ஐடாவுக்கு. சில பிள்ளைகளுக்கு ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகிற தெம்புகூட இல்லை. பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. முதலில் தந்தையும், அடுத்துத் தாயும் இந்தியாவுக்குத் திரும்பிவிட, பதின்வயதுப் பெண் சிகாகோவில் உறவினர் வீட்டில் தங்கினாள். ஊழியம் என்பது பெற்றோரைப் பிள்ளையிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகிற ஒன்று என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும். மாசசூசெட்ஸில் டி. எல். மூடி நிறுவிய நார்த்ஃபீல்ட் பெண்கள் பள்ளியில் படிக்கிறபோது, மிஷனரி மட்டும் ஆகமாட்டேன் என்று அடித்துச் சொன்னாள். அமெரிக்காவில் நல்ல இடத்தில் கல்யாணம், வசதியான ஒரு வீடு, சிரிப்பும் பேச்சுமாக ஒரு வாழ்க்கை. ஆசைப்பட்டது இவ்வளவுதான். இதில் பாவம் ஒன்றுமில்லை.

1890இல் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச காலம் கூட இருந்து பார்த்துக்கொண்டு திரும்பிவிடும் உத்தேசம். அங்கேதான் அந்த இரவு வந்தது. முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்தார். வீட்டில் சின்னஞ்சிறு மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐடா வர வேண்டும் என்றார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்றார் ஐடா. ஆண் ஒருவர் வந்து பார்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதே துயரம், அதே பதில். மூன்றாவதாக இன்னோர் இந்து. அப்பாவோடு கூட வந்து உதவுகிறேன் என்று ஐடா சொல்லியும் பயனில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். சாவுமேளம் தெருவில் போனதை ஐடா பின்னாளில் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். அன்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார். வெளியே வந்து, டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், இங்கேயே திரும்பி வருவேன் என்று பெற்றோரிடம் சொன்னார்.

ஓய்வுநாள் பள்ளியில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். பாட்டு, ஜெபம், வீட்டுக்குப் போகலாம்.

சிஸ்டரம்மாவும் ஒருநாள் இப்படித்தான் ஒப்புக்கொடுத்தார். நர்சிங் படிக்கிற காலத்தில் ஒரு வாலிபர் கூட்டம். மலையாளத்துப் பெண்களும் தமிழ்ப் பெண்களுமாக வகுப்பில் பாதிப் பேர் பெர்சியாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிற கனவில் இருந்தார்கள். அவருக்கும் அந்தக் கனவு இருந்தது. இரவல் வாங்கிய பத்திரிகையில் ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் படத்தைக் கத்தரித்து வேதாகமத்தின் பின்னட்டைக்குள் வைத்திருந்தார். கூட்டத்தின் முடிவில் பிரசங்கியார், வெளிநாட்டு ஆசையைக் கர்த்தருடைய பாதத்தில் வைப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். எழுந்து நின்றார். விடுதிக்கு வந்து படத்தைக் கிழித்தார். அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்தத் தூக்கத்தை அவர் கேலி செய்வதில்லை. “அது உண்மைதான். ஆனா அது சுலபம். இன்னும் கையில வராத ஒண்ணைத்தானே கொடுத்தேன்?” என்பார்.

படிப்பு முடிந்ததும் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையத்தில் வேலை கிடைத்தது. அந்த மையத்துக்கும் ஒரு கதை உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்துப் பெண். வேலூரில் மருத்துவம் படித்தவர். மகப்பேறு மருத்துவத்தில் தேர வேண்டும் என்பது அவர் விருப்பம். 1954 ஜனவரி 30 அன்று நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முகத்திலும் பெரிய காயம். தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சீராக்கிக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், அந்தக் கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று வழி காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி அதைச் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். பாகாயத்து மையம் 1966இல் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ.

அவர் சக்கர நாற்காலியில் வார்டுக்கு வருவதைச் சிஸ்டரம்மா பார்த்திருக்கிறார். புதிதாக அடிபட்டு வந்தவர்கள், கால் வராது என்று யாரும் இன்னும் வாய்விட்டுச் சொல்லாதவர்கள், முதலில் அந்த நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். பிறகுதான் அதில் இருக்கும் டாக்டரை.

அந்த வார்டில் பெரும்பாலும் மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள். ஒருவர் பனையேறி. முப்பது வயதுகூட இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா கட்டிலருகே நின்று, “எல்லாம் கர்த்தருடைய சித்தம் தம்பி, பொறுத்துக்கோ” என்று ஜெபித்துவிட்டு, இரண்டு சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டும்வரை பனையேறி பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

“தளைநாரு அறுந்துபோச்சு சிஸ்டர். பொங்கலுக்கே மாத்தியிருக்கணும். காசில்ல, விட்டுட்டேன். இதுல கர்த்தரை ஏன் இழுக்கிறாங்க?”

சிஸ்டரம்மாவுக்கு வேத சாஸ்திரம் கற்றுத் தந்தவர்களில் அந்தப் பனையேறிக்கு முக்கியமான இடம் உண்டு. நடந்துவிட்ட கேட்டையெல்லாம் சித்தம் என்று பெயர் சூட்டி மூடிவிடக் கூடாது என்பதை அவரிடம் கற்றார். பனையேறக் காலில் மாட்டுகிற தளைநார் அறுந்ததற்குக் காரணம் வறுமை. வறுமைக்குக் காரணங்கள் ஊரில் இருக்கின்றன. அறுந்த பிறகு மிச்சமிருக்கிற உடம்போடு என்ன செய்வது என்பதில்தான் கடவுளிடம் கேட்க வேண்டிய கேள்வி தொடங்குகிறது. மேரி வர்கீஸின் வாழ்க்கையையும் அவர் அப்படித்தான் படித்தார்.

அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்றால் சாதாரணமாக அல்ல. முதுகுத்தண்டு அடிபட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும், அந்தப் புண்ணே ஆளைக் கொன்றுவிடும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு வலி வந்து எச்சரிக்காது. அவருக்குப் பதில் நர்ஸின் கைதான் உணர வேண்டும். வால் எலும்பு, இடுப்பு மூட்டு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடங்களை ஒவ்வொரு புரட்டலிலும் பார்க்க வேண்டும். புத்தகத்தில் தோல் சிவக்கும் என்று போட்டிருக்கும். நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுடும், கொஞ்சம் தடித்திருக்கும். ராத்திரி டியூட்டியில் டார்ச் இல்லாமலே அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர் கை பழகியிருந்தது. வெளிநாட்டை விட்டுக்கொடுத்ததற்குக் கர்த்தர் தந்தது இதுதான் என்று அவர் நிச்சயமாக நம்பினார். இதைத் திரும்பக் கேட்பார் என்று நினைக்கவில்லை.

கேட்டது ஒரு தந்தி வழியாக வந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம். அப்பா முன்னமே காலமாகியிருந்தார். பெரியண்ணன் சென்னையில் பேங்க் வேலையில், சின்னண்ணன் பெங்களூரில். இருவருக்கும் குடும்பம். சிஸ்டரம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டுத் திண்ணையில் கூடிப் பேசியபோது பெரியண்ணன் சொன்னார்:

“உனக்குப் புருஷனா, பிள்ளைகுட்டியா? நர்ஸ் படிச்சதே இதுக்குத்தானோ என்னவோ. தேவ சித்தம் அப்படித்தான் இருக்கு பாப்பா.”

இந்த இடத்தில் அவர் கொஞ்சம் சிரிப்பார். ஐடா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தார், அழைப்பு கிடைத்தது. இவருக்கோ அம்மாவைப் பார்த்துக்கொள்ள அழைப்பை விட வேண்டியிருந்தது. மூன்று தட்டல் கதையில் இதற்குப் பதில் இல்லை.

ஊர்ப் போதகரின் மனைவியிடம் போய் அழுதார். அந்த அம்மா பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபத்தில் கெட்டி, பேச்சில் கறார். முதலில் வேதாகமத்தைத் திறப்பார், வாக்குத்தத்த அட்டை எடுக்கச் சொல்வார் என்று சிஸ்டரம்மா எதிர்பார்த்தார். அவர் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“சித்தம்னு சொல்ற வாய் யாருது, அதைப் பாருடி முதல்ல. அதுக்கு விலை கொடுக்கிறது யாரு? சொல்றவரா, கேக்கிறவளா?”

“நான்தாம்மா.”

“அப்ப அது பாதிதான் சித்தம். மீதி உங்கண்ணனுங்களோட சவுகரியம். ரெண்டையும் பிரிச்சுக்கிட்டு வா. அப்புறம் ஜெபம் பண்ணலாம்.”

பிரிப்பது லேசான காரியமில்லை. அம்மாவுக்கு ஆள் வேண்டும் என்பது உண்மை. புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த ஆள் வீட்டில் ஒருத்திதான் என்பதும் உண்மை. ஆனால் பணமும், லீவும், ராத்திரி விழிப்பும் ஒருத்தியின் தலையில் மட்டும் விழ வேண்டும் என்று எந்த வேதாகமத்தில் எழுதியிருக்கிறது? மறுபடி திண்ணையில் எல்லோரையும் உட்கார வைத்தார். நான் வருகிறேன், மாதாமாதம் பணம் இருவரும் அனுப்ப வேண்டும், கோடை விடுமுறையில் ஆளுக்கு ஒரு மாதம் அம்மாவை வைத்துக்கொள்ள வேண்டும், சித்தம் என்றால் மூன்று பேருக்கும் சித்தம் என்றார். பெரியண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. அண்ணி மட்டும் தலையாட்டினார். அவருக்கும் வீட்டில் ஒரு மாமியார் கதை முன்பே நடந்திருந்தது.

வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார். சமாதானம் வரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலை மாற்றுவதில்லை. வாலிபர் கூட்டத்தில் எழுந்து நின்ற ராத்திரியில் வந்த தூக்கம் இந்த முறை வரவே இல்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கர்த்தரோடு வழக்காடுவார். இதற்காகவா அந்தப் படத்தைக் கிழிக்கச் சொன்னீர்? முதலிலேயே வெளிநாடு போயிருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும்.

அந்த வருஷங்களில்தான் ஐடாவின் மிச்சக் கதையைத் தேடிப் படித்தார்.

திண்டிவனத்து இரவுக்குப் பிறகு ஐடா 1895இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்ட எட்டாயிரம் டாலர் திரட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டில் இதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தது அடுத்த அறையில் இருந்த ஷெல் என்ற முதியவர் காதில் விழுந்தது. இறந்துபோன தன் மனைவியின் நினைவாக அவர் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900 தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். டாக்டராகப் பல்லாண்டு பழகிய அப்பாவின் நிழலில் தொழிலைக் கற்கலாம் என்ற எண்ணம். சில மாதங்களிலேயே அப்பா புற்றுநோயால் இறந்தார்.

இந்த இடத்தைத்தான் சிஸ்டரம்மா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். கல்யாணத்தையும் அமெரிக்காவையும் விட்டுக்கொடுத்து வந்த பெண்ணுக்கு, ஊழியத்தில் இருந்த ஒரே பிடிமானமும் போயிற்று. பங்களாவில் ஒரு சின்ன அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அனுபவமில்லாத இளம் டாக்டர், அதிலும் பெண். முதலில் ஆள் வரவில்லை. பிறகு வந்தார்கள், இரண்டு வருஷத்தில் ஐயாயிரம் பேர். 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1909இல் நர்சிங் பள்ளி. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த இரவில் இறந்த மூவரைப் போன்றவர்களுக்குப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பெண்களுக்கு, பெண்களால் என்று ஒவ்வொரு செங்கல்லாக ஐடா அதைக் கட்டினார்.

இருபது வருஷம் கழித்து அதைக் கேட்டார்கள்.

இந்த முறை கதவை யாரும் தட்டவில்லை. வந்தது அரசாங்க உத்தரவு. அதுவரை அந்தப் பள்ளி, பட்டப்படிப்புக்குக் கீழான எல்.எம்.பி. தகுதி பெற்ற டாக்டர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. முப்பதுகளின் இறுதியில் சென்னை மாகாண அரசு இனி மருத்துவப் படிப்பு பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள் இல்லையென்றால் பள்ளியை மூட வேண்டியதுதான். அவ்வளவு பணமும் ஆளும் பெண்கள் சங்கங்களால் மட்டும் திரட்டக்கூடியதாக இல்லை. மற்ற மிஷன்கள் கைகொடுக்கத் தயாராக இருந்தன. ஆனால் ஆண்களையும் சேர்க்கிற ஒரே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக அது வளர வேண்டும் என்று எதிர்பார்த்தன.

அமெரிக்காவில் ஐடாவோடு பல்லாண்டு நிதி திரட்டிய பெண்கள் சிலர் கொதித்தார்கள். அவர்களில் முக்கியமானவர் லூசி பீபாடி. பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த காசு, அதை ஆண்களிடம் தூக்கிக் கொடுப்பதா என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆண்கள் வந்தால் பெண்கள் பின்னால் தள்ளப்படுவார்கள் என்ற பயத்துக்கு உலகம் முழுக்க ஆதாரம் இருந்தது. ஐடாவுக்கு அப்போது எழுபது வயது. 1941இல் அமெரிக்கா போய், போர்க்காலம் முழுவதும் ஊர் ஊராக அலைந்து பணம் கேட்டார். பழைய தோழியரில் சிலரை இழந்தார். கல்லூரி நிலைப்பது தான் கட்டிய வடிவத்தைவிடப் பெரியது என்ற முடிவுக்கு வந்து, ஆண்கள் சேர்வதை ஏற்றுக்கொண்டார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்போடு எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். தலைமைப் பொறுப்பை விட்டு ஐடா விலகிய பின், விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராக வந்தார்.

திண்டிவனத்தில் ஐடா கொடுத்தது தன் ஆசையை. எழுபது வயதில் கொடுத்தது, கடவுளே கொடுத்ததாக அவர் நம்பிய வேலையின் உருவத்தை. சிஸ்டரம்மாவுக்கு இதில் ஆபிரகாமின் வாழ்க்கை தெரிந்தது. எழுபத்தைந்து வயதில் ஊரையும் உறவையும் விட்டுப் புறப்பட்டது ஆதியாகமம் 12ஆம் அதிகாரம். அதைப் பிரசங்கிக்க எளிது. வாக்குத்தத்தமாகவே கிடைத்த மகனை மோரியா மலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது 22ஆம் அதிகாரம். அங்கே கேட்டவரும் கொடுத்தவரும் ஒருவரே. முதல் தடவை கடவுளுக்காக நம்முடையதை விடுகிறோம். இரண்டாம் தடவை கடவுளுடையது என்று நாம் இறுகப் பிடித்திருப்பதை விட வேண்டியிருக்கிறது. அதற்குச் சாட்சிக் கூட்டத்தில் நேரம் ஒதுக்குவதில்லை. கைதட்டும் கிடைக்காது, பலருக்கு அது தோல்வி போலத்தான் தெரியும்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். ஐடா எல்லா ஆசையையும் அறுத்தெறிந்த துறவி அல்ல. டென்னிஸ் என்றால் உயிர். வயதான பிறகும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. கொடைக்கானலில் ஒரு வீடும் தோட்டமும் வைத்திருந்தார். 1960 மே மாதம், 89 வயதில், அந்த மலையில்தான் இறந்தார். கேட்கப்பட்டதைக் கொடுத்தார், கேட்கப்படாததை அவராகத் தூக்கி எறிந்து பக்தி காட்டவில்லை. இதைப் படித்த மாதத்தில் சிஸ்டரம்மா ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்கினார். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். அம்மாவுக்கும் அவருக்கும் சிலோன் ரேடியோ கேட்க வேண்டியிருந்தது.

அம்மா பல வருஷம் இருந்தார். கடைசிவரை ஒரு படுக்கைப் புண் வரவில்லை. அண்ணன்மார் பணம் அனுப்பினார்கள். சில மாதம் தாமதமாக, பெரும்பாலும் ஒழுங்காக. சின்னண்ணன் தன் முறை வந்தபோது அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போய், ஒரு மாதம் கழித்து இளைத்துப்போன முகத்தோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் சித்தம் என்ற வார்த்தையைப் பேச்சுவாக்கில் யாரும் பயன்படுத்தவில்லை.

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் உள்ள வீட்டுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தலையணையை எங்கே கொடுப்பது, குதிகாலை எப்படித் தூக்கி வைப்பது, புறங்கையை எங்கே வைத்துப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தார். இதற்காகத்தான் ஆண்டவர் உங்களை ஊருக்கு அனுப்பினார் என்று சபையில் சிலர் சொல்வார்கள். அவர் ஒத்துக்கொள்வதில்லை. “வார்டுல இருந்திருந்தா இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். கணக்கு சரியாப் போச்சுன்னு நான் சொல்லமாட்டேன்” என்பார். கோபம் எப்போது போனது என்று கேட்டால் தெரியாது என்கிறார். ஒருநாள் பார்த்தபோது இல்லை, அவ்வளவுதான்.

இப்போது பெண்கள் ஐக்கிய சங்கத்தில், பெரிய வியாழக்கிழமை தியானம் அவர் பொறுப்பு. வருஷாவருஷம் கெத்செமனேதான் எடுப்பார். இயேசு அங்கே தன் விருப்பத்தை மறைக்கவில்லை என்பதில் தொடங்குவார். பாத்திரம் தன்னை விட்டு நீங்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார்; மத்தேயு எழுதியபடி பார்த்தால் மூன்று முறை ஜெபித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்கினார்கள். விருப்பத்தைச் சொல்லாமலே விழுங்கிவிட்டு அதை ஒப்புக்கொடுத்தல் என்று சொல்கிறவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஆதரவு இல்லை. முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்பார். கேட்காத ஒன்றை எப்படிக் கொடுக்க முடியும்?

போன வருஷம் தியானம் முடிந்ததும் ஒரு பெண் காத்திருந்தாள். நர்சிங் மூன்றாம் வருஷம். மருத்துவமனை இல்லாத மலைக் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று பாரம் இருக்கிறதாம். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அதுதான் தேவ சித்தம் என்று அண்ணன் சொல்கிறாராம்.

“நான் என்ன செய்யணும் சிஸ்டரம்மா?”

“உனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?”

பெண் கொஞ்சம் யோசித்தாள். பிடிக்காமல் இல்லை என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. மலைக்குப் போகிறவளுக்கு மாப்பிள்ளை பிடிக்கலாமா என்கிற மாதிரி. சிஸ்டரம்மா சிரித்துவிட்டார். இரண்டு ஆசை இருப்பது தப்பில்லை, இரண்டையும் பெயர் சொல்லி ஜெபம் பண்ணு, மாப்பிள்ளையிடமும் மலையைப் பற்றிப் பேசு என்றார். அப்புறம், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அண்ணன் வந்தார். இரண்டு மணி நேரம் இருந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்டால், “காப்பி கொடுத்தேன். விலை யாரு கொடுக்கிறதுன்னு கேட்டேன்” என்கிறார் சிஸ்டரம்மா.